தொண்ணூற்றேழில் இருபத்தேழு போக

பதினான்கு வருஷமாகக் குழி நிரப்புகிற வேலை. அதனால் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் குழியக்கா என்றே பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பேரைக் கேட்டு, இந்தம்மா முன்னால் சுடுகாட்டில் வேலை பார்த்தவரோ என்று ஒரு நிமிஷம் விழிப்பார்கள். விஷயம் அதெல்லாம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசை, மொத்தம் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். வயலிலிருந்து வரும் நெல் இலையில் பொட்டு அளவுக்கு வெட்டி, ஒரு செடிக்கு ஒரு குழி என்று போட வேண்டும். அப்புறம் மருந்து, சூடு, இயந்திரம். எந்தச் செடிக்கு எந்த மரபணு வந்திருக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடும். ஆனால் அதற்குச் செடியைத் தெரியாது, குழியைத்தான் தெரியும். எந்தக் குழியில் எந்தச் செடி என்பது குழியக்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதில் அங்கே ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவளுக்கே வந்ததில்லை, அதுதான் வினை.

அன்றைக்குக் காலையில் அவள் தட்டை எல்லாம் விட்டுவிட்டு, நிலையத்துக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தன் அண்ணன் வயலில் நின்றாள். அனுப்பியது டாக்டரம்மா. குழியக்காவைவிடப் பத்து வயது சின்னவர், இருபத்தேழாம் நம்பர் நெல்லைக் கண்டுபிடித்தவர்.

இருபத்தேழின் கதை இதுதான். தண்ணீர் நிற்காத மேட்டில் தானாக விளையும் பழைய நெல் ஒன்று, எல்லாரும் விதைக்கும் நெல் ஒன்று, இரண்டையும் கலந்தார்கள். மேட்டு நெல்லின் வேர் ஆழமாக இறங்குவதற்குக் காரணமான மூன்று இடங்களை அதன் மரபணு வரைபடத்தில் டாக்டரம்மா ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். அதற்கே ஆறு வருஷம் ஆனது. கலப்பில் பிறந்த தொண்ணூற்றைந்து பிள்ளைகளில் அந்த மூன்று இடமும் யாருக்கு வாய்த்திருக்கிறது என்று பார்த்தபோது, ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் மூன்றும் வாய்த்திருந்தது. அதன் எண் இருபத்தேழு. வேர் ஆழமாகப் போனால், வயலில் எந்நேரமும் தண்ணீரைக் கட்டி வைக்க வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, மண் வறண்ட பிறகு ஒரு தண்ணீர் விட்டால் போதும். பாதித் தண்ணீர் மிச்சம்.

மூன்று வயலில் விதைத்துப் பார்த்தார்கள். நிலையத்து வயலில் பக்கத்துக் குட்டையின் கசிவு. இன்னொரு வயலில் எதிர்பாராத மழை. மூன்றாவது குழியக்காவின் அண்ணன் வயல். அங்கே கசிவும் இல்லை, மழையும் இல்லை, விளைச்சல் மட்டும் பிரமாதம். அந்த ஒரு வயலை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. அண்ணனுக்குச் 'சிக்கனம்' என்று பேரே வந்துவிட்டது. அவர் விளைவித்த நெல்லையே விதையாக வாங்கி, இந்தப் பருவத்தில் அதே வாய்க்காலைச் சேர்ந்த இருபத்து மூன்று பேர் விதைத்தார்கள். விதைத்ததோடு நிற்கவில்லை. எங்களுக்குப் பாதி முறைத் தண்ணீர் போதும், மீதியை எதிர்க்கரைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று வாய்க்கால் அலுவலகத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அறுபதாவது நாள். இருபத்து மூன்று வயலிலும் இலை சுருளத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நாளில் தண்டுக்குள் கதிர் உருவாகி வயிறு புடைக்கும். அந்தப் பொதிப் பருவத்தில் வேருக்கு ஈரம் எட்டவில்லை என்றால் நெல்மணி இருக்காது, வெறும் பதர்தான். நிலையத்துத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அதனால்தான் டாக்டரம்மா, "அக்கா, உங்க அண்ணன் வயல் மட்டும் பச்சையா இருக்குதாம். வேரோட ஒரு படம் எடுத்துட்டு வாங்க. அதைப் பாத்தா அவங்களுக்குத் தைரியம் வரும்," என்று அனுப்பினார்.

வயல் உண்மையிலேயே பச்சைப்பசேலென்று இருந்தது. குழியக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நடுவில் ஒரு நெற்குத்தைத் தேர்ந்து, மண்வெட்டியால் நாலு பக்கமும் வெட்டி, ஒரு முழ ஆழத்துக்கு மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசினாள். மண் கரைந்து போக, வேர் தெரிந்தது. அவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

வேர் கீழே போகவே இல்லை. அரைச் சாண் ஆழத்திலேயே நின்று, பக்கவாட்டில் மிதியடி மாதிரி படர்ந்து கிடந்தது. வேர் தொடாத அடிமண் கட்டி கட்டியாக அப்படியே இருந்தது. இன்னொரு குத்து வெட்டினாள், அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான். தண்ணீர் எப்போதும் மேலேயே கிடைக்கிற நெல்லுக்குத்தான் இந்த வேர் வரும் என்று பதினான்கு வருஷத்தில் அவளுக்குத் தெரியாதா என்ன.

வயலில் ஈரம் பார்க்க ஓட்டை போட்ட குழாய் ஒன்று புதைத்திருக்கும். அதில் அளவுகோலை விட்டால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். அண்ணன் அதைத் தினமும் சென்டிமீட்டரில் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அளவுகோலை விட்டாள். இரண்டு விரல் ஆழத்திலேயே நனைந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தாள். இருபது, இருபது, இருபது என்று ஒரே எண், ஒரே மையில், பக்கம் பக்கமாக. நேற்று வரைக்கும் அதைப் பார்த்து, அண்ணன் எவ்வளவு ஒழுங்கு என்று பெருமைப்பட்டவள் அவள்தான்.

அண்ணன் வரப்பு ஓரம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கடைசியா எப்போ தண்ணி விட்டே?"

"நோட்டுல எழுதியிருக்கேனே, பாரு."

"நோட்டைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

அவர் கழுவிய மண்வெட்டியையே மறுபடி கழுவினார்.

"அண்ணா."

"நேத்து," என்றார். "நேத்து மத்தியானம். அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை."

"எங்கேருந்து?"

அவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். வயலை ஒட்டித்தான் வீடு. வீட்டு மோட்டாரின் பச்சை ஓஸ் குழாய், கொல்லைச் சுவரில் சுருட்டி மாட்டியிருந்தது. அதன் வாயில் இன்னும் சேறு.

"போன வருஷம் இதே அறுபதாம் நாள்தான். எல்லா இலையும் சுருண்டு போச்சு. உன்னைக் கூப்பிடலாம்னு போனைக் கையில எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"கூப்பிடல. உன் நெல்லு மேல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. என் மண்ணுதான் சரியில்லன்னு நெனச்சேன். நம்ம மண்ணால நாலு பேர் முன்னாடி உன் பேர் கெட்டுடக் கூடாதில்ல? அதான் ஓஸை எடுத்துப் போட்டேன். நாலு நாளைக்கு ஒரு தடவை. எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணசர்ற நேரத்துல."

"சரி, இந்த வருஷம் எதுக்கு?"

"நல்லாக் கேட்டே போ. ஊர் பூரா சிக்கனம், சிக்கனம்னு கூப்பிடறான். என் வயலே காஞ்சா என்ன ஆகும்?"

அவளுக்கு அந்த ஓஸை அறுத்து எறிய வேண்டும்போல் இருந்தது. அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கேமராவைக் கழற்றி, நோட்டையும் சேர்த்துப் பையில் போட்டாள். அண்ணி உள்ளேயிருந்து, "டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போ," என்று கூப்பிட்டதற்கு, "இன்னொரு நாள் அண்ணி," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள். பாதி வழியில்தான் கையில் மண் காய்ந்துகிடந்ததைப் பார்த்தாள்.

அண்ணன் ஏமாற்றினார் என்பது சரி. ஆனால் வேர் மேலே படர்ந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்த மூன்று இடமும் உள்ள நெல், தண்ணீரில் நின்றாலும் கொஞ்சமாவது கீழே இறங்கியிருக்கும். ஒரு வேர்கூட இறங்கவில்லையே? அப்படியானால் இது அந்த நெல்லே இல்லை. பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி அவள் அடுத்தடுத்து எல்லார் மேலும் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். விதை மூட்டை கட்டியவர், நாற்று விட்டவர், குளிர் அறைக்காரர், ஒருத்தரையும் விடவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் பழைய பதிவேட்டை எடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம், அவள் கையெழுத்துதான். தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்குத் தொண்ணூற்றைந்து குழி. கடைசி, தொண்ணூற்றாறாவது குழியில் ஒன்றும் போடாமல் காலியாக விடுவது வழக்கம். அதிலிருந்து எதுவும் வரக் கூடாது. வந்தால் எங்கோ கை அசுத்தம் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு குறிப்புகள் இருந்தன.

'குழி ஒன்று: எதுவும் வரவில்லை. இலை வாடியிருக்கலாம். காலிக் குழி தொண்ணூற்றாறு: நெல் வந்திருக்கிறது. கலப்படம்.'

அதைப் படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தாள். முதல் குழி காலி. காலிக் குழியில் நெல். அன்றைக்கு இரண்டும் இரண்டு சின்னத் தவறாகத் தெரிந்தது. டாக்டரம்மாவும், பரவாயில்லை, மற்ற தொண்ணூற்று நாலும் நன்றாக வந்திருக்கிறதே என்று சொல்லிவிட்டார்.

அலமாரியைத் திறந்து இரண்டு தட்டுகளை எடுத்தாள். ஒன்று பழைய தட்டு. மற்றது அந்த வருஷம் புதிதாக வரவழைத்த தட்டு. கண்ணை மூடிக்கொண்டு பழையதை எடுத்து வைத்தாள். எப்போதும்போல இடது கட்டைவிரல் தானாகப் போய், மழுங்கலாக வெட்டிய மூலையைத் தேடிப் பிடித்தது. அந்த மூலைதான் முதல் குழி. தட்டின் ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும்தான். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் கண்ணாடி நிறத்திலேயே அச்சடித்த எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? பதினான்கு வருஷமாக அவள் விரல்தான் படித்தது.

புதிய தட்டை எடுத்தாள். விரல் அதே மாதிரி வெட்டிய மூலையைப் பிடித்தது. கண்ணைத் திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாழ்க்கையில் முதல் முறையாக அந்த எழுத்தைப் படித்தாள். புதிய கம்பெனிக்காரன் மூலையை மாற்றி வெட்டியிருந்தான். அவள் விரல் பிடித்திருந்தது முதல் குழியை அல்ல, கடைசிக் குழியை.

தட்டு தலைகீழ். முதல் இலை கடைசிக் குழியில். இரண்டாவது இலை அதற்கு முந்தின குழியில். எந்த எண்ணாக இருந்தாலும் தொண்ணூற்றேழிலிருந்து கழித்தால் உண்மையான எண் வரும். ஒரு துண்டுக் காகிதத்தில், கணக்குத் தெரியாதவள்போல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். தொண்ணூற்றேழில் இருபத்தேழு போக எழுபது.

மூன்று இடமும் வாய்த்த பிள்ளை எழுபது. இவர்கள் ஊருக்கெல்லாம் கொடுத்தது இருபத்தேழு. வரைபடம் பொய் சொல்லவில்லை, டாக்டரம்மா தப்புச் செய்யவில்லை. தெரு சரி, வீட்டு எண்தான் மாறிப்போயிற்று. கதவில் எண்ணை எழுதினவள் அவள்.

டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. பதிவேட்டையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் குறிப்பை நானும் படிச்சேன் அக்கா. கையெழுத்தும் போட்டேன்."

"நான் தலைகீழா வெச்சேன். உங்க மேல என்ன இருக்கு?"

"படிச்சேனே," என்றார் மறுபடியும். பிறகு, "எழுபதோட விதை?" என்று கேட்டார்.

"தேறினதை வெச்சுக்கிட்டு மிச்சத்தை அந்த வருஷமே கழிச்சுட்டோம். பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போச்சு. நான்தான் மூட்டை கட்டிக் குடுத்தேன்."

டாக்டரம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். ஆறு வருஷ வரைபடத்தைக் கோழி தின்றுவிட்டதென்றால் யாருக்குத்தான் எந்தச் சத்தம் வரும்.

வயலிலிருந்து புதிதாக இலை எடுத்து வந்து இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை எழுத்தை இரண்டு பேரும் படித்தார்கள். மூன்று நாளில் முடிவு வந்தது. இருபத்தேழில் மூன்று இடத்தில் ஒன்றுகூட இல்லை. பொதிக்கு இன்னும் ஏழு நாள்.

"கூட்டம் போட்டுடலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா எல்லாத்தையும் போட்டு உடைக்க வேணாம் அக்கா. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, பொதி வரைக்கும் ஒழுங்கா முறைத் தண்ணி விட்டுக்கங்கன்னு சொல்லிடறேன். தண்ணி விட்டுட்டா பயிர் பொழைச்சுக்கும். மத்ததை நாம அப்புறம் உள்ளுக்குள்ள பேசிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார், அவ்வளவுதான். குழியக்காவும் பயந்திருந்தாள். அதனால் தலையாட்டினாள்.

மறுநாள் நிலையத்துக் கூட்ட அறையில் இருபத்து மூன்று பேரும் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அண்ணன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். வாய்க்கால் அலுவலகத்து மடைக்காரர் ஒரு படிவத்தோடு வந்திருந்தார். திருப்பிவிட்ட தண்ணீரைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அண்ணனோடு சேர்த்து அந்த மடையைச் சேர்ந்த இருபத்து நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தர் குறைந்தாலும் செல்லாது. சாயங்காலம் நாலு மணிக்குள் கொடுத்தால் நாளைக் காலையில் மடை திறக்கும். ஒரே ஒரு சங்கடம். இப்போது திரும்பக் கேட்கிறவர்கள் அடுத்த பருவத்தில் முறை வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும்.

டாக்டரம்மா வெயிலைப் பற்றிப் பேசினார். திரையில் வெயில் கோடு ஏறி இறங்கியது. பேசி முடித்ததும் டிராக்டர்காரர் எழுந்தார். அந்த வாய்க்காலில் அதிக நிலம் அவருக்குத்தான். குரலும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

"ஏம்மா, வெயில் எங்க வயலுக்கு மட்டுமா அடிக்குது? சிக்கனம் வயலுக்குக் குடை புடிச்சிருக்காங்களா? அவர் தண்ணி விடாமலே பச்சையா நிக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். விதைத்தவர்களில் கண்ணாடிக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்காலின் கடைசி வயல் அந்தம்மாவுடையது. "தண்ணி கேட்டுட்டு அடுத்த வருஷம் கடைசிக்குப் போகணுமா? நான் ஏற்கெனவே கடைசிதான். அதுக்கும் பின்னாடி எங்கே போறது?" என்றார். "பொறுத்துப் பாக்கலாம். சிக்கனத்துக்கு வந்தது நமக்கு வராமலா போயிடும்?"

ஆமாம், ஆமாம் என்று நாலு தலை ஆடியது. இரண்டு பேர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பவும் தயாரானார்கள். மடைக்காரர் படிவத்தை மடிக்கத் தொடங்கினார். குழியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டே முக்கால். அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தப்பான நெல்லு," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். முன் வரிசைக்குக் கேட்டது. முன் வரிசை அமைதியானதும் பின் வரிசையும் அமைதியாயிற்று. டாக்டரம்மா, "அக்கா," என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"இருபத்தேழுல ஆழமா வேர் விடற குணமே இல்ல. வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. தண்ணி விடலன்னா எல்லாம் பதராத்தான் போகும்."

"அப்போ சிக்கனம் வயல் எப்படிம்மா விளைஞ்சுது?" என்றார் டிராக்டர்காரர்.

இருபத்து மூன்று கழுத்தும் கதவுப் பக்கம் திரும்பின. அண்ணன் எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"நான் சொல்றேன்," என்றார். "தங்கச்சி கண்டுபுடிச்ச நெல்லு நல்ல நெல்லுதான். எனக்குக் குடுத்த விதை, அதுல பாதி எலி தின்னுடுச்சு. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. வீட்டுல இருந்த சாதா நெல்லைப் போட்டு மூட்டையை ரொப்பிட்டேன். அதைத்தான் நீங்க எல்லாரும் விதைச்சிருக்கீங்க. அது தண்ணியில்லாம வராது. என் வயலுக்கு நான் திருட்டுத்தனமா தண்ணி விட்டேன். தப்பு என்னுது. நிலையத்துது இல்ல."

இரண்டு நிமிஷம் அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. டிராக்டர்காரர் பேசியதை எழுதவும் முடியாது. கண்ணாடிக்காரம்மா, "உங்களை நம்பித்தானே போட்டேன், உங்க வயலைப் பாத்துத்தானே போட்டேன்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அசையவில்லை. அவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டு, தங்கை பக்கம் ஒரு தடவை பார்த்து, கண்ணாலேயே உட்காரு என்றார்.

படிவம் கையெழுத்துக்குக் கிளம்பிவிட்டது. அண்ணன் மேல் இருந்த கோபத்தில் பேனா வேகமாக ஓடியது. டாக்டரம்மா கோப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் குழியக்கா பார்த்தாள். அவளுக்கும் அதே நிம்மதி வந்தது, பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் வந்துவிடும். பயிர் பிழைக்கும். அவள் பேர் பிழைக்கும். பதினான்கு வருஷம் பிழைக்கும். ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தால் போதும்.

அடுத்த பருவத்தில் என்ன நடக்கும்? குளிர் அறையில் இருபத்தேழின் மூல விதை இரண்டு டப்பா இருக்கிறது. நல்ல நெல், சிக்கனம்தான் கெடுத்துவிட்டார் என்று சொல்லி இன்னொரு வாய்க்காலுக்குக் கொடுப்பார்கள். அங்கே ஓஸ் போட்டு ஊற்ற அண்ணன் இருக்க மாட்டார்.

சுவரோரமாக இருந்த பலகைக்குப் போனாள். 'தொண்ணூற்றேழு' என்று எண்ணில் எழுதி, கீழே இருபத்தேழை எழுதி, கோடு போட்டு, எழுபது என்று எழுதினாள்.

"எங்கண்ணன் சொல்றது பொய்," என்றாள்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். அத்தனை பேர் திட்டினபோது வராத அடி அப்போதுதான் அவர் முகத்தில் விழுந்தது.

"எலியும் தின்னல, நெல்லையும் மாத்தல. தண்ணி விட்டது மட்டும் நெசம். எனக்காக விட்டார். தப்பு நடந்தது மூணு வருஷத்துக்கு முன்னாடி, என் கையில." பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். இந்த மூலையை அந்த மூலை என்று நினைத்ததைச் சொன்னாள். எழுபதைக் கோழிக்குப் போட்டதையும் சொன்னாள். "அதனால இருபத்தேழை யார் குடுத்தாலும் இனிமே வாங்காதீங்க. நாங்களே குடுத்தாலும் வாங்காதீங்க."

யாரும் திட்டவில்லை. அவர்களிடம் இருந்த திட்டெல்லாம் அண்ணன் மேல் தீர்ந்துபோயிருந்தது. டிராக்டர்காரர் பலகையையே வெகுநேரம் பார்த்தார். "ஒரு மூலைக்கா?" என்றார். "ஒரு மூலைக்கா இவ்வளவும்?"

டாக்டரம்மா எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார். பின் வரிசைக்குக் கேட்கவில்லை. திரும்ப ஒரு தடவை சத்தமாகச் சொன்னார்.

படிவம் கடைசி வரிசைக்குப் போனது. அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தவர் அதை அவர் கையில் கொடுக்காமல், மடியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். இருபத்து நாலும் சேர்ந்தது. மூன்றரைக்கு மடைக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

வாசலில் அண்ணன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் பின்னாலேயே போய் நின்றாள். அவர் நிமிரவில்லை.

"நான்தான் ஏத்துக்கிட்டேனே. வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம்."

"நாலு பேர் முன்னாடி பொய்யன்னு சொல்லிட்டே."

"ஆமா. சொல்லிட்டேன். நீ ரெண்டு தடவை என் பேருக்குத் தண்ணி ஊத்திட்டே அண்ணா. போதும்."

அவர் சைக்கிளை நகர்த்தி, பிறகு நின்றார். "நாளைக்கு மடை திறந்தா என் வயலுக்கு நான் திறக்க மாட்டேன். என் பங்கு கடைசி வயலுக்கு, அந்தக் கண்ணாடிக்காரம்மாவுக்குப் போகட்டும். மோட்டாரும் போட மாட்டேன்."

"பயிர் போயிடும் அண்ணா! இவ்வளவு நாள் தண்ணியிலேயே நின்ன பயிர். மத்தவங்க வயலைவிட உன்னுது சீக்கிரம் போயிடும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார். "அந்த நோட்டைக் குடு."

அவள் பையில்தான் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கொடுத்தாள்.

மறுநாள் மடை திறந்தது. பதினெட்டு வயல் நன்றாகவே தேறியது. ஐந்து வயலில் பாதிக்குப் பாதிதான். அந்த ஐந்து பேரும் இன்று வரை நிலையத்தின் வாசலை மிதிப்பதில்லை. கண்ணாடிக்காரம்மாவின் வயல் தேறியதில் ஒன்று. குழியக்காவை ஆய்வுக்கூடத்திலிருந்து விதை துப்புரவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். டாக்டரம்மா பழைய மேட்டு நெல்லையும் மற்றதையும் முதலிலிருந்து மறுபடி கலந்துகொண்டிருக்கிறார்.

அறுவடை சமயத்தில் அண்ணியிடமிருந்து அந்த நோட்டு வந்து சேர்ந்தது. அண்ணன் இன்னும் அவளோடு பேசவில்லை. குழியக்கா துப்புரவு அறையில், சலிக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து புதுப் பக்கம். தினமும் ஒரு வரி, தினமும் ஒரு எண். ஒன்பது, பதினாலு, பதினேழு, இருபத்து மூன்று, முப்பத்தொன்று. அதற்குக் கீழே குழாயில் தண்ணீர் எட்டவில்லை என்று ஒரு கோடு. அப்புறம் இலை சுருண்டது, இலை திறக்கவில்லை, கதிர் வெள்ளையாக வந்தது என்று அந்தந்தத் தேதியில் எழுதியிருந்தார். ஒரு நாள்கூட விடவில்லை.

கடைசிப் பக்கத்தில், விளைச்சல் என்று அச்சடித்திருந்த கட்டத்தில், பதர் என்று எழுதியிருந்தார். அதன் கீழே, எழுதியவர் பெயர் என்ற இடத்தில் வழக்கமாக அவர் தன் பெயரைப் போடுவார். இந்தத் தடவை சிக்கனம் என்று போட்டிருந்தார்.